பீஸ் கட்டை பிடுங்கப்பட்ட இரவு: தோட்டத்து வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2025 சூலை 20, ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவு கடந்து 1.40 மணி அளவில், கீழ்பவானிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியில் உள்ள ஒரு தோட்டத்து வீட்டில் மின்சாரம் நின்றது. வீட்டுக்குள் 72 வயது மாமாவும் 67 வயது அத்தையும் மட்டுமே இருந்தனர். அடுத்த அரை மணி நேரத்தில் நடந்தவற்றால் யாருக்கும் காயம் ஏற்படவில்லை, ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் காணாமல் போகவில்லை. ஆகவே அது செய்தி ஆகவில்லை. உயிர் போன நிகழ்வுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். போகவிருந்து போகாமல் நின்றவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அறிவதற்கு இரண்டாம் வகைதான் கூடுதலாக உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த வீடு என் அப்பாவின் தங்கை வீடு. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். இருவரையும், பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டு, கைப்பேசி அழைப்புப் பட்டியலில் இருந்த நேரங்களோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டேன். வீட்டின் பாதுகாப்புக் கருதி ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

கொங்குப் பகுதியில் உழவர் குடும்பங்கள் பல ஊருக்குள் வீடு கட்டிக்கொள்ளவில்லை. கிணற்றை ஒட்டி, மாடு கட்டும் கட்டுத்தரையை ஒட்டி, நிலத்துக்கு நடுவிலேயே சாளை (சிறு வீடு) போட்டு வாழ்ந்தார்கள். கிணற்று நீரைக் கவலையில் இறைத்த காலத்தில் விடிவதற்கு முன் மாடு பூட்ட வேண்டியிருந்ததால் அதுவே வசதியாகவும் இருந்தது. அன்று ஒரு தோட்டத்தில் மூன்று தலைமுறையும் பண்ணையாட்களுமாகப் பன்னிரண்டு பதினைந்து பேர் இருந்தார்கள். இன்று பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்க, அதே பரப்பில் இரண்டு முதியவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். வீடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. அதைச் சுற்றி இருந்த ஆள்கூட்டம்தான் கரைந்து போயிற்று.

2024 நவம்பர் இறுதியில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியும் மகனும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, 2025 மே முதல் நாளன்று, ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே விளக்கேத்தியில் தனியாக வசித்த முதிய தம்பதி கொலையுண்டது தெரிய வந்தது. இந்த இரண்டு நிகழ்வுகளிலும் இருந்து இங்கே தேவைப்படுபவை மூன்று. ஒன்று, பல்லடத்தில் நாற்பதுகளில் இருந்த மகன் அன்றிரவு வீட்டில் இருந்தும் பயனில்லாமல் போனது. "ஆம்பளை ஆள் இருந்தாப் போதும்" என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. இரண்டு, சிவகிரியில் சில நாள்களாகத் தொலைபேசி எடுக்கப்படாத பிறகே உறவினர் போய்ப் பார்த்தார்கள். அதுவரை அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரியாது. மூன்று, சிவகிரி வழக்கில் பிடிபட்டவர்கள் எங்கிருந்தோ வந்த வடக்கத்தியர் அல்லர், அதே ஈரோடு மாவட்டத்துக்காரர்கள். தென்னந்தோப்பு வேலை தேடிப் போகிறவர்களைப் போலத் தனி வீடுகளை நோட்டம் பார்த்ததாகவும், பல்லடம் நிகழ்விலும் அவர்களுக்குத் தொடர்பு இருப்பதாகவும் காவல்துறை தெரிவித்தது. அது நீதிமன்றத்தில் முடிவாக வேண்டியது. ஆனால் "தெரியாத முகம்" என்பதை மட்டும் எச்சரிக்கை அடையாளமாக வைத்துக்கொள்வது போதாது என்பதற்கு அந்தத் தகவலே போதும். தேங்காய் கேட்டு வருகிறவர் நமக்கு முழு அந்நியரும் அல்லர், தெரிந்தவரும் அல்லர்; வருவதற்கு ஒரு காரணம் வைத்திருப்பவர், அவ்வளவுதான்.

இடம்

நாலரை ஏக்கர் நிலம். ஏறக்குறைய 180 தென்னை, மீதியில் மாட்டுக்குச் சோளத் தட்டு. இரண்டு கறவை மாடு, பட்டியில் பத்துப் பன்னிரண்டு ஆடு, ஐந்தாறு கின்னிக்கோழி. ஊராட்சித் தார்ச் சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண் தடத்தில், போக வேண்டும். இருபுறமும் கிளுவை வேலி வளர்ந்து, எதிரே வரும் வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். நிலத்தின் வடகோடி வாய்க்கால் கரையைத் தொடுகிறது. அந்தக் கரையில் இருசக்கர வண்டி தாராளமாகப் போகும். எந்த ஊருக்குள்ளும் நுழையாமல், எந்தக் கடை வாசல் கேமராவிலும் விழாமல் பல கிலோமீட்டர் போய்விடலாம். சூலையில் வாய்க்காலுக்குத் தண்ணீர் விட்டிருக்கவில்லை என்பதால் நடந்தே அக்கரைக்கும் போக முடிந்தது.

அடுத்த வீடு 400 மீட்டர் தள்ளி. அது மாமாவின் பங்காளி வீடு. இருவருக்கும் தட வழக்கு. இட்டேரியிலிருந்து பிரியும் வண்டித்தடம் யாருக்குச் சொந்தம் என்பதில் தொடங்கி, ஆறு ஆண்டுகளாக முன்சீப் கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கிறது. அந்த ஆறு ஆண்டும் இரு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நல்லது கெட்டதுக்கும் போக்குவரத்து இல்லை. ஆக, நில அளவைப்படி 400 மீட்டரில் இருந்த வீடு, ஆபத்து நேரத்தில் இல்லாத வீட்டுக்குச் சமமாக இருந்தது. தோட்டத்து வீடுகளின் தனிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் தூரத்தையும் இருட்டையும் சொல்கிறார்கள், பங்காளித் தகராற்றைச் சொல்வதில்லை. நான் அறிந்த தோட்டங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

சிவகிரிச் செய்தி வந்த நான்காம் நாள், அந்தப் பங்காளி இட்டேரி வழியாக நடந்து வந்து வாசலில் நின்றிருக்கிறார். உட்காரவில்லை, தண்ணீரும் வாங்கிக் குடிக்கவில்லை. "வழக்கு பாட்டுக்குக் கோர்ட்டுல இருக்கட்டுமுங்க. உங்க நம்பரக் குடுங்க, எங்க நம்பர எழுதிக்குங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அத்தையின் பட்டன் போனில் இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் அவருக்குப் போகும்படி, லீவுக்கு வந்திருந்த பேத்தி பதிந்து வைத்தாள். அந்த இரவைத் தீர்மானித்தது இந்த ஒரு காரியம் என்பது என் கணிப்பு.

முந்தைய பன்னிரண்டு நாள்கள்

சூலை 8, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. மொபெட்டில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு ஐம்பது வயது இருக்கும், இன்னொருவர் இளையவர். தேங்காய் வெட்டுக்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். வழக்கமான வியாபாரி நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை வந்து போட்டுக்கொண்டு போகிறார் என்று மாமா சொன்னார். பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மூத்தவர் திண்ணையில் உட்கார்ந்து விலை பேசத் தொடங்கினார். இளையவர் தண்ணீர் கேட்டார். அத்தை சொம்பில் கொண்டுவந்து கொடுத்ததைக் குடித்துவிட்டு, முகம் கழுவ வேண்டும் என்று தானாகவே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொடக்காளிப் (புழக்கடை) பக்கம் நடந்தார். அத்தை பின்னாலேயே போனார். "மூஞ்சி கழுவறவன் தொட்டியத்தான பாக்கோணும்? அவன் கொண்டியப் பாத்தான்" என்பது அத்தையின் வாக்கு. பின்கதவின் வெளிக்கொண்டியில் அவர் பார்வை நின்றதை அத்தை கவனித்திருக்கிறார். கவனித்ததை மாமாவிடம் சொல்லவில்லை, வீண் சந்தேகம் என்று திட்டுவார் என்று.

இதற்கிடையில் திண்ணையில், "ரெண்டு பேருந்தான் இருக்கறீங்களா, பசங்கெல்லாம் எங்கீங்க?" என்று மூத்தவர் கேட்க, மாமா பெருமையோடு பதில் சொன்னார்: பையன் பெங்களூரில் கம்பெனியில் இருக்கிறான், மாதம் ஒரு முறை வருவான், போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்துவிட்டுப் போனான். அதாவது அடுத்த மூன்று வாரத்துக்கு வரமாட்டான். வீட்டுக்கு வந்தவர் கேட்டால் பதில் சொல்வது நம் பக்கத்து மரியாதை. "யாரு என்ன"வென்று விசாரிப்பதும் மரியாதைதான். நோட்டம் பார்க்கிறவருக்கு வேறு கருவி எதுவும் தேவையில்லை, இந்த மரியாதையே போதும். வண்டி எண்ணை யாரும் குறிக்கவில்லை. எந்த வியாபாரியின் ஆள் என்று கேட்டதற்கு ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சரிபார்க்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும், அதையும் செய்யவில்லை.

சூலை 14 அன்று பங்காளி வீட்டு நாய் செத்துக் கிடந்தது. வாயில் நுரை இருந்ததால் பாம்பு தீண்டியதாக எடுத்துக்கொண்டு புதைத்துவிட்டார்கள். அது விஷமா பாம்பா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மாமா வீட்டு நாய் ஏற்கெனவே கிழடு தட்டிப் போயிருந்தது; பகலெல்லாம் தூங்கும், அறிந்தவர் அறியாதவர் யார் கொடுத்தாலும் தின்னும்.

சூலை 17 அன்று நடந்ததைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் தவறு நம் பக்கம். இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் பைக்கை வாய்க்கால் கரையில் நிறுத்திவிட்டு, வேலி ஓரமாக நடந்து, கைப்பேசியில் தோட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஊருக்குள் செய்தி பரவி, பத்து நிமிடத்தில் ஏழெட்டுப் பேர் கூடி, வண்டிச் சாவியைப் பிடுங்கி, ஒருவர் கன்னத்தில் அறைந்தும்விட்டார். அவர் பயிர்க் கணக்கெடுப்புக்கு அனுப்பப்பட்டவர். புல எண் வாரியாக வயலைப் படம் எடுத்துப் பதிவேற்றுவதுதான் அவருடைய வேலை. கிராம நிர்வாக அலுவலரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்ட பிறகு ஊரே சங்கடப்பட்டு நின்றது.

பயத்தில் இருக்கும் ஊர் எவ்வளவு எளிதாகத் தப்பான ஆளைப் பிடிக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் பழைய பாடம் உண்டு. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக வாட்சப்பில் வதந்தி ஓடிய நாள்களில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்கு வழி கேட்டு, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். எங்கள் ஊரில் நடந்தது ஓர் அறையோடு நின்றது தற்செயல். கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு: 8ஆம் தேதி பொடக்காளி வரை போனவர்களிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, ஏனென்றால் அவர்கள் நம் பேச்சைப் பேசினார்கள், தேங்காய் விலை தெரிந்திருந்தது. 17ஆம் தேதி வந்தவருக்கு அடி விழுந்தது, ஏனென்றால் அவர் பேசாமல் படம் எடுத்தார். நம் சந்தேகம் முகத்தையும் பேச்சையும் பார்த்து எழுகிறதே தவிர, வந்தவர் வீட்டின் எந்தப் பக்கம் போகிறார், என்ன கேட்கிறார் என்பதைப் பார்த்து எழுவதில்லை.

அன்றிரவு

ஆடிக் காற்று. தென்னை மட்டைகள் உரசும் ஓசையில் வாசலில் ஆள் நடந்தாலும் உள்ளே கேட்காது. காற்றுக்குக் கம்பி உரசி மின்சாரம் போய்ப் போய் வருவதும் அந்த மாதத்தில் வழக்கம். ஆகவே 1.40க்கு மின்விசிறி நின்றபோது மாமா எழுந்து, தலைமாட்டில் இருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு, வழக்கம் போல வெளியே போய்ப் பீஸ் கட்டையை (ஃபியூஸ் பொருத்திய கட்டை) பார்க்கக் கிளம்பினார். மீட்டரும் பீஸ் கட்டையும் முன்சுவரில், வாசலுக்கு இடப்புறம், திறந்த பெட்டியில் இருந்தன. நாற்பது ஆண்டாக மின்சாரம் போனால் அவர் செய்வது இதுதான்.

கதவின் நாதாங்கியில் கை வைத்துவிட்டார். அத்தை படுத்திருந்த கட்டிலுக்கு நேரே சன்னல். அதன் வழியாகத் தென்னை இடுக்கில் பங்காளி வீட்டுக் கட்டுத்தரை விளக்கு எப்போதும் ஒரு மஞ்சள் புள்ளியாகத் தெரியும். அது தெரிந்துகொண்டிருந்தது. "ஏனுங்க, நில்லுங்க. அவியளுக்குக் கரண்டு இருக்குது" என்றார் அத்தை. இரண்டு வீட்டுக்கும் ஒரே மின்மாற்றி, ஒரே கம்பி. அங்கே இருந்து இங்கே இல்லை என்றால் தடை நம் வீட்டுச் சுவரில்தான் நடந்திருக்க வேண்டும். மாமா கையை எடுத்துவிட்டார். அதே நேரத்தில் பட்டிப் பக்கம் கின்னிக்கோழிகள் கத்தத் தொடங்கின. அவை பாம்புக்கும் கத்தும், கீரிக்கும் கத்தும். ஆனால் இரண்டும் சேர்ந்தபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

அழைப்புப் பட்டியலின்படி 1.43க்கு அத்தை இரண்டாம் எண்ணை அழுத்தினார். மூன்றாவது மணியில் பங்காளி எடுத்தார். அத்தை சொன்னது ஒரே வரி: "எங்கூட்டு பீஸப் புடுங்கீட்டாங்க." அவர் செய்தது மூன்று காரியம், அதே வரிசையில். முதலில் மோட்டார் கொட்டகையின் பெரிய விளக்கைப் போட்டார். அடுத்து ஊருக்குள் இருந்த தம்பி மகனை அழைத்தார். பிறகு அவசர உதவி எண்ணான 112க்கு அழைத்தார். அவர் தனியாக இட்டேரியில் ஓடி வரவில்லை. வந்திருந்தால் இருட்டில் அவரும் ஓர் இரையாகியிருப்பார். இதை அவர் தானே யோசித்துச் செய்தார், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்குள் மாமாவும் அத்தையும் முன்னறையை விட்டுவிட்டு, சன்னல் இல்லாத சாமி அறைக்குப் போய் உள்பக்கம் தாழிட்டு, நெல் மூட்டைகளைக் கதவுக்கு அணைத்து வைத்தார்கள். பின்கதவில் கடப்பாரை வைத்து நெம்பும் ஓசை இரண்டு முறை கேட்டதாக இருவருமே சொல்கிறார்கள். மோட்டார் கொட்டகை விளக்கு எரிந்ததும் அது நின்றது. ஏறக்குறைய 1.57க்கு ஊரிலிருந்து நான்கு பேர் இரண்டு பைக்கில், விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தார்கள். 2.20க்கு ரோந்து வாகனம் வந்தது. சிவகிரிக்குப் பிறகு தோட்டத்து வீடுகளுக்கென்று ரோந்து கூட்டப்பட்டிருந்ததால்தான் அந்த நேரத்துக்கே வர முடிந்தது. காவல் நிலையம் பதினொரு கிலோமீட்டர்.

வடக்கு வேலியில் ஆள் நுழையும் அளவுக்குக் கிளுவை வெட்டப்பட்டிருந்தது. வெட்டுவாய் காய்ந்திருந்தது; அதாவது அன்றிரவு வெட்டியதல்ல. பொடக்காளியில் ஒரு துண்டும், பிரித்த பிஸ்கட் பொட்டலமும் கிடந்தன. நாய் கட்டுத்தரையில் தூங்கிக்கொண்டிருந்தது. பின்கதவின் நிலையில் கடப்பாரை அமுங்கிய இரண்டு தடம், கட்டைவிரல் ஆழம். பிடுங்கிய பீஸ் கட்டைகள் துளசி மாடத்தின் மேல் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மாமா கதவைத் திறந்து வந்திருந்தால் எந்த இடத்தில் நின்றிருப்பாரோ, அதற்கு மூன்றடி தள்ளி.

கணிப்பு

வந்தவர்கள் இன்றுவரை பிடிபடவில்லை. 8ஆம் தேதி வந்த மொபெட்காரர்களும் இவர்களும் ஒருவர்தானா என்று எனக்குத் தெரியாது. அப்படியே வைத்துக்கொண்டு எழுதுவது நேர்மையாகாது. ஆனால் வெளியிலிருந்து பின்கதவின் அமைப்பும், மீட்டர்ப் பெட்டி திறந்த பெட்டி என்பதும், மகன் இல்லாத வாரமும் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருந்தன. இந்த மூன்றையும் இட்டேரியில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. வாசலுக்கு வந்தவர்தான் அறிந்திருக்க முடியும்.

பீஸ் பிடுங்குவது இருட்டாக்குவதற்காக மட்டும் செய்யப்படுவதன்று. முதியவர் தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார் என்பதுதான் அதன் கணக்கு. கதவை உடைப்பது கடினம், ஓசை எழும். திறக்க வைப்பது எளிது. ஆட்டுக்குட்டியைக் கத்த விடுவது, வெளிக்குழாயைத் திறந்துவிடுவது, கன்றை அவிழ்த்துவிடுவது எல்லாம் இதே வகை. ஆகவே இரவில் வெளியே எதுவும் நடந்தால் "போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்ற பழக்கத்தைத்தான் முதலில் நிறுத்த வேண்டியிருக்கிறது, அது எவ்வளவு கசந்தாலும். ஈன்ற மாடு வெளியே இருக்கும்போது இதைச் சொல்வது எளிது, செய்வது எளிதன்று என்று மாமா சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பட்டிக்கும் கட்டுத்தரைக்கும் உள்ளிருந்தே போடும் விளக்கு வைத்து, சன்னல் வழியாகப் பார்க்க வழி செய்வதுதான் அதிகபட்சம்.

நாய் பயன்படவில்லை, கின்னிக்கோழி பயன்பட்டது. நாயைக் குறை சொல்லிப் பயனில்லை. பிறர் கை உணவைத் தொடாதபடி பழக்காத நாய்க்குப் பிஸ்கட் பிஸ்கட்தான். கின்னிக்கோழிக்கு அந்தப் பலவீனம் இல்லை, அது யாரிடமும் நட்புக் கொள்வதில்லை.

மகன் பெங்களூரிலிருந்து கண்காணிப்புக் கேமரா பொருத்தச் சொல்லி இரண்டு ஆண்டாக வற்புறுத்தி, ஒரு கேமரா ஏற்கெனவே முன்வாசலில் இருந்தது. மின்சாரம் போனதும் அதுவும் போயிற்று. பதிவுப் பெட்டி டிவிக்குப் பக்கத்திலேயே இருந்ததால், உள்ளே வந்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். சிம் கார்டில் இயங்கி, பதிவை வெளியே அனுப்பி, மின்சாரம் நின்றாலும் பேட்டரியில் ஓடும் வகையல்லாத கேமரா தோட்டத்து வீட்டில் சுவர் அலங்காரம்தான்.

சட்டத்தின் பக்கம்

மறுநாள் காவல் நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) மட்டும் தந்தார்கள். எதுவும் களவு போகவில்லையே என்பது அவர்கள் வாதம். களவு போகாவிட்டாலும் வீட்டை உடைத்து நுழைய முயன்றது குற்றம் என்று எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் அலைந்த பிறகே முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, புகாரை மின்னணு வழியிலும் கொடுக்க இடமளிக்கிறது. மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட்டால் போதும். எந்த எல்லை என்று பார்க்காமல் எந்த நிலையத்திலும் கொடுக்கலாம் என்பதும் அதே பிரிவில் உள்ளது.

ஊரார் அன்றிரவு கேட்ட கேள்வி வேறு: "புடிச்சிருந்தா அடிச்சிருக்கலாமா?" பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையைத் தருகின்றன. சூரியன் மறைந்து உதிக்கும் வரை வீட்டை உடைத்து நுழைபவரை எதிர்க்கும்போது அந்த உரிமை, 41ஆம் பிரிவின்படி, உயிர் போகும் அளவுக்கும் நீளக்கூடும். ஆனால் தற்காப்புக்குத் தேவையானதை மீறிய தீங்கு அதில் அடங்காது என்று 37ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது. வீட்டுக்குள் நுழைகிறவரைத் தடுப்பது ஒன்று. ஓடிப்போனவரை வாய்க்கால் கரையில் துரத்திப் பிடித்துக் கட்டி வைத்து அடிப்பது வேறொன்று. இரண்டாவதில் சிறைக்குப் போகப் போகிறவர் நாம்தான்.

வேலிக்கு மின்சாரம் கொடுத்துவிடலாம் என்று ஓர் உறவினர் யோசனை சொன்னார். வீட்டு இணைப்பிலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ வேலிக்கு நேராக மின்சாரம் கொடுப்பது குற்றம். அதில் மாட்டிச் சாகிறவர் பெரும்பாலும் தண்ணீர் கட்டப் போன அதே தோட்டத்துக்காரராகவோ, புல்லறுக்க வந்த பெண்ணாகவோ இருக்கிறார். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினோம்.

அதற்குப் பிறகு மாற்றியவை

பீஸ் கட்டையும் மெயின் சுவிட்சும் இப்போது வீட்டுக்குள். வெளியே மீட்டர் மட்டும், பூட்டிய இரும்புப் பெட்டியில். இதற்கு மின்வாரிய அலுவலகத்துக்கு இரண்டு முறை போக வேண்டியிருந்தது. வாசலிலும் பொடக்காளியிலும் கட்டுத்தரையிலும் சூரிய ஒளி விளக்குகள் போட்டோம். பின்கதவுக்கு வெளிக்கொண்டியை எடுத்துவிட்டு, உள்பக்கம் குறுக்கே இரும்புப் பட்டை வைத்தோம். சாமி அறைக் கதவை மாற்றி, அங்கே ஒரு சார்ஜரும் குடத்துத் தண்ணீரும் இரத்த அழுத்த மாத்திரையும் வைத்திருக்கிறார்கள். அத்தையின் நகைகள் வங்கிப் பெட்டகத்துக்குப் போயின. தாலிக்கொடிக்குப் பதில் மஞ்சள் கயிறு. இதற்கு மட்டும் அத்தை பத்து நாள் மறுத்தார். தேங்காய்ப் பணத்தை வியாபாரி இப்போது கணக்கில் போட்டுவிடுகிறார், அந்த விவரத்தை வேலைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அத்தையே வலிந்து சொல்கிறார். தெரியட்டும் என்றுதான்.

வாசலுக்கு வருகிறவர் விஷயத்தில் ஒரே ஒரு நடைமுறைதான் வைத்துக்கொண்டோம். யாராக இருந்தாலும் கிரில் கேட்டுக்கு வெளியே. தண்ணீர் கேட்டால் கேட்டுக்கு வெளியே வைத்த மண்பானையில். எந்த வியாபாரி, எந்த ஆபீசு என்று கேட்டு, அவர் முன்னாலேயே தொலைபேசியில் அழைத்துக் கேட்பது. பயிர்க் கணக்கெடுப்பு இளைஞர் மாதிரி உண்மையான ஆள் இதற்குக் கோபப்படமாட்டார். அவர் நிலைமையில் அடியை விட அழைப்பு மேல். வண்டி எண்ணைச் சுவர்க் காலண்டரில் அந்தத் தேதிக்கு நேரே எழுதுவது. "ரெண்டு பேருந்தான் இருக்கறீங்களா?" என்று கேட்டால் மாமா இப்போது சொல்லும் பதில்: "மருமகன் உள்ள தூங்கறான், எழுப்போணுமுங்களா?" நான் அங்கே இருப்பது ஆண்டுக்கு நான்கு நாள்தான்.

இரவு எட்டரைக்கு இரு வீட்டுக்கும் இடையே ஒரு மிஸ்டு கால், காலை ஆறரைக்கு இன்னொன்று. வராவிட்டால் ஒரு முறை திரும்ப அழைப்பது, எடுக்காவிட்டால் நான்கு பேரோடு நேரில் போவது. சிவகிரியில் நாள் கணக்கில் கழிந்த இடைவெளி இங்கே அரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதற்காகத்தான்.

புரட்டாசியில் ஒரு நாள் அத்தை எட்டரை அழைப்பை மறந்துவிட்டு, போனை சார்ஜில் போட்டுவிட்டுச் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு ஐம்பதுக்கு வாசலில் ஹாரன். பங்காளியும் தம்பி மகனும் இன்னும் இரண்டு பேரும் டார்ச்சோடு நின்றார்கள். அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்நேரத்துக்கு மாட்டுப்பால் காபி வைத்துக் கொடுத்தார். பங்காளி திண்ணையில் உட்கார்ந்து குடித்தார். தட வழக்கின் அடுத்த வாய்தா எந்தத் தேதி என்று மாமாவிடம் அவர் கேட்டதற்கு, காலண்டரைப் பார்த்து மாமா தேதி சொன்னார்.